திறக்க மறுக்கும் கோப்புகள்: விண்டோஸ் எக்ஸ்பியின் ஒரு கோளாறும் அதைச் சரிசெய்யும் வழியும்



விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் காரணம். ஆய்வகத்தில் ஒரு கருவியோடு சேர்த்து வாங்கிய கணினி இருக்கும். அந்தக் கருவியின் மென்பொருள் புதிய விண்டோஸில் ஓடாது, அதனால் எக்ஸ்பியை விட முடியாது. அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலுக்காக ஒரு பெட்டியை விட்டுவைத்திருப்பார்கள். இவற்றைவிட எனக்கு முக்கியமானவை வீட்டுப் பரணில் துணி போர்த்தி வைத்திருக்கும் பெட்டிகள். பிள்ளைகளின் சிறுவயதுப் படங்கள், அப்பா தட்டச்சு செய்து வைத்த கட்டுரைகள், மூடிப்போன கடையின் கணக்குகள் எல்லாம் அவற்றுக்குள்தான் கிடக்கின்றன.

ஒரு நாள் யாரோ அதை இறக்கித் தூசி தட்டி மின்சாரம் கொடுக்கிறார்கள். கணினி எழுகிறது. ஒரு படத்தை டபுள் கிளிக் செய்தால் நோட்பேட் திறந்து, திரை முழுக்கப் புரியாத குறிகளைக் கொட்டுகிறது. அல்லது கோப்புறையைத் தட்டினால் திறக்காமல் தேடல் பலகை வந்து நிற்கிறது. அல்லது எந்த நிரலைத் தட்டினாலும், எதைக் கொண்டு திறக்கட்டும் என்று கணினி திரும்பக் கேட்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால் அங்கே ஒரே பதில்: “வைரஸ் தின்னுடுச்சு சார், ஃபார்மட் அடிச்சிடலாம்.”

இந்தப் பதிலோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. ஃபார்மட் அடித்த பிறகு கணினி நன்றாகத்தான் ஓடும். உள்ளே இருந்த படம் போயிருக்கும். பெரும்பாலான சமயங்களில் அந்தப் படத்துக்கு எதுவுமே ஆகியிருக்காது. கடித உறையில் முகவரி மாறிவிட்டால், கடிதம் வேறு வீட்டுக்குப் போகும். கடிதத்தின் எழுத்து அழிந்துவிடாது. இங்கேயும் நடந்திருப்பது அவ்வளவுதான். இந்த வகைக் கோப்பை இந்த நிரல் திறக்க வேண்டும் என்று கணினி எழுதி வைத்திருக்கும் குறிப்பு மாறிவிட்டது. அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது, யார் மாற்றுகிறார்கள், எப்படித் திரும்ப எழுதுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஒரு கோப்பைப் பார்த்தவுடன் அது படமா, பாட்டா, கட்டுரையா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்விக்கு வெவ்வேறு கணினிகளைச் செய்தவர்கள் வெவ்வேறு விடை கண்டார்கள். யூனிக்ஸ் உலகத்தில் கோப்பின் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு வகைக் கோப்பும் பெரும்பாலும் தனக்கென்று ஒரு தொடக்கக் குறியோடு ஆரம்பிக்கும். அதைப் படித்து வகை சொல்லும் ‘ஃபைல்’ என்ற கட்டளை 1970-களிலேயே யூனிக்ஸில் இருந்தது. 1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் இன்னொரு வழியைப் பிடித்தது. ஒவ்வொரு கோப்போடும் நான்கெழுத்துக் குறிகள் இரண்டைக் கண்ணுக்குத் தெரியாமல் சேர்த்து வைத்தது. ஒன்று கோப்பின் வகை, மற்றது அதை உருவாக்கிய நிரல். பயனர் கோப்புக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம், மெக்கின்டாஷ் தடுமாறாது. என் பார்வையில் இதுவரை வந்தவற்றில் நாகரிகமான ஏற்பாடு அதுதான். ஆனால் அந்தக் கோப்பு டாஸ் ஃபிளாப்பி வழியாகவோ இணையம் வழியாகவோ வேறு கணினிக்குப் போய்த் திரும்பினால் குறிகள் உதிர்ந்துவிடும். வெற்றுத் தாள் போன்ற ஒரு ஐகான்தான் மிஞ்சும்.

டாஸும் அதன் வழி வந்த விண்டோஸும் மூன்றாவது வழியை எடுத்துக்கொண்டன. பெயருக்குப் பின் ஒரு புள்ளி, அதன் பின் மூன்று எழுத்து. எக்ஸ்டென்ஷன் என்கிறோமே, அந்தப் பின்னொட்டு. சிபிஎம் என்ற இயங்குதளத்தில் இருந்த ‘எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்துப் பின்னொட்டு’ என்ற முறையை 1981-இல் வந்த டாஸ் அப்படியே எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே டிஇசி நிறுவனத்தின் பெரிய கணினிகளில் இதே மாதிரி வழக்கம் இருந்தது. பெயரோடு ஒட்டியிருப்பதால் கோப்பு எங்கே போனாலும் பின்னொட்டும் கூடவே போகும் என்பது இதன் பலம். பெயரை மாற்றினால் கோப்பின் தலையெழுத்தே மாறிவிடும் என்பது பலவீனம். படத்தின் பின்னொட்டை அழித்துவிட்டால், உள்ளே ஒரு புள்ளிகூட மாறாவிட்டாலும், விண்டோஸுக்கு அது அடையாளம் தெரியாத பொருள்.

எக்ஸ்பிக்குள் இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இது புரிந்துவிட்டால் பழுதுபார்ப்பதில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

விண்டோஸ் 3.1 காலத்தில், எந்தப் பின்னொட்டை எந்த நிரல் திறக்கும் என்ற பட்டியலின் பெரும்பகுதி வின்.ஐஎன்ஐ என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தது. 1995-இலிருந்து எல்லாம் ரெஜிஸ்ட்ரி என்ற விண்டோஸின் அமைப்புக் குறிப்பேட்டுக்குப் போய்விட்டது. இப்போது ‘கடிதம்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதன் பின்னொட்டு டிஎக்ஸ்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை டபுள் கிளிக் செய்கிறீர்கள். கோப்புகளைக் காட்டும் நிரலான எக்ஸ்ப்ளோரர், ரெஜிஸ்ட்ரியில் எச்கீ கிளாசஸ் ரூட் என்ற கிளைக்குப் போய் ‘.டிஎக்ஸ்டி’ என்ற பெயரைத் தேடுகிறது. அங்கே நோட்பேட் என்று நேரடியாக எழுதியிருக்காது. ‘டிஎக்ஸ்டிஃபைல்’ என்று ஒரு வகுப்பின் பெயர் மட்டும் இருக்கும். எக்ஸ்ப்ளோரர் அந்த வகுப்பைத் தேடிப் போகிறது. அதற்குள் ‘ஷெல்’, ஷெல்லுக்குள் ‘ஓப்பன்’, ஓப்பனுக்குள் ‘கமாண்ட்’. அந்தக் கமாண்டில்தான் நோட்பேட் வன்தட்டில் எங்கே இருக்கிறது என்ற முழு விவரமும், கடைசியில் %1 என்ற குறியும் இருக்கும். நீங்கள் தட்டிய கோப்பின் பெயர் அந்த %1 இருக்குமிடத்தில் வந்து உட்காரும். நோட்பேட் அதைத் திறக்கும்.

நடுவில் எதற்கு ஒரு வகுப்பு? ஜேபிஜி, ஜேபிஇஜி, ஜேபிஇ மூன்றும் ஒரே வகைப் படங்கள். மூன்று பின்னொட்டும் ஒரே வகுப்பைக் காட்டினால் போதும், கட்டளையை ஓரிடத்தில் எழுதினால் போதும். ஓப்பனுக்குப் பக்கத்திலேயே ‘பிரிண்ட்’, ‘எடிட்’ என்று வேறு செயல்களையும் வைக்கலாம். ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் அவை அப்படித்தான் வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் பின்னொட்டு, வகுப்பு, செயல், கட்டளை என்ற நான்கு கண்ணிகளில் எது அறுந்தாலும் கோப்பு திறக்காது.

இதில் இன்னொரு மடிப்பு இருக்கிறது. கடைக்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். எச்கீ கிளாசஸ் ரூட் என்பது தனி இடமே இல்லை. விண்டோஸ் 2000-இலிருந்து அது இரண்டு இடங்களைச் சேர்த்துக் காட்டும் ஒரு தோற்றம். ஒன்று, கணினி முழுமைக்கும் பொதுவானது. மற்றது, இப்போது உள்ளே நுழைந்திருக்கும் பயனருக்கு மட்டும் உரியது. எச்கீ கரன்ட் யூசரின் கீழ் சாஃப்ட்வேர், கிளாசஸ் என்று போனால் அதைப் பார்க்கலாம். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் பயனருடையதுதான் செல்லும். இவை போதாதென்று, பயனர் ‘ஓப்பன் வித்’ வழியாகத் தேர்ந்தெடுத்ததை எக்ஸ்ப்ளோரர் தனக்கென்று ‘ஃபைல்எக்ஸ்ட்ஸ்’ என்ற இன்னொரு கிளையில் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆக, பொதுவிடத்தில் எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு தவறான நிரலில் திறக்கிறது என்றால், மற்ற இரண்டையும் பார்க்காமல் எழக் கூடாது.

இனி, இது எப்படிக் கெடுகிறது?

பெரும்பாலும் கெட்ட எண்ணமே இல்லாமல். அடையாளம் தெரியாத ஒரு கோப்பைத் தட்டியதும் எதைக் கொண்டு திறக்கலாம் என்று ஒரு பட்டியல் வரும். அதன் அடியில் ‘எப்போதும் இதையே பயன்படுத்து’ என்று ஒரு சிறிய கட்டம். அவசரத்தில் நோட்பேடைத் தேர்ந்தெடுத்து, கட்டத்தில் குறி இருப்பதைக் கவனிக்காமல் ஓகே கொடுத்துவிடுவோம். அன்றிலிருந்து அந்த வகைக் கோப்புகள் எல்லாமே நோட்பேடுக்குப் போகும். படமெல்லாம் அழிந்துவிட்டது என்று நம்பிய ஒரு ஸ்டூடியோக்காரரின் கணினியில் நான் பார்த்தது இதைத்தான். எக்ஸ்பியில் இதற்கு ரெஜிஸ்ட்ரிக்கே போக வேண்டியதில்லை. டூல்ஸ் பட்டியலில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், அதில் ஃபைல் டைப்ஸ் என்று ஒரு பக்கம் உண்டு. அந்தப் பின்னொட்டைத் தேர்ந்தெடுத்தால், பயனர் மாற்றிய வகையாக இருந்தால் ‘ரிஸ்டோர்’ என்ற பொத்தான் அங்கே நிற்கும். அழுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும். மிகவும் பயனுள்ள இந்தப் பக்கத்தை அடுத்து வந்த விஸ்டாவில் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பு.

அடுத்தது, புதிதாக நிறுவிய பாட்டு இயக்கி எல்லாப் பாட்டுக் கோப்புகளையும் தனக்கென்று எழுதிக்கொள்வது. பிறகு அதை நீக்கும்போது தன் பெயரை அழித்துவிட்டுப் போகும், பழைய நிரலின் பெயரைத் திரும்ப எழுதாது. இது எல்லோரும் பார்த்தது; மேலே போவோம்.

அதிகம் பேசப்படாத ஒன்று மேற்கோள் குறி. எக்ஸ்பியில் நம் ஆவணங்கள் இருக்கும் கோப்புறை ‘டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’. பெயருக்குள் இடைவெளிகள் இருக்கின்றன. கட்டளையில் %1 என்பதை மேற்கோள் குறிக்குள் "%1" என்று எழுதியிருந்தால் நிரல் அதை ஒரே பெயராக எடுத்துக்கொள்ளும். குறி விடுபட்டால் ஒவ்வோர் இடைவெளியிலும் பெயரை வெட்டிவிடும். வேர்டு ஆவணத்தைத் தட்டினால் ‘டாக்குமெண்ட்ஸ்’ என்ற கோப்பு இல்லை, ‘அண்ட்’ என்ற கோப்பு இல்லை என்று பிழைச் செய்திகள் வரிசையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். வேர்டில் குற்றமில்லை, ஆவணத்திலும் குற்றமில்லை. இரண்டு மேற்கோள் குறிகளைச் சேர்த்தால் போதும்.

கோப்புறையைத் தட்டினால் தேடல் பலகை வருவதும் எக்ஸ்பிக்கே உரிய கோளாறு. கோப்புறைக்கும் விண்டோஸில் ஒரு வகுப்பு உண்டு, பெயர் ‘டைரக்டரி’. அதன் ஷெல்லில் முதன்மைச் செயல் எது என்று எழுதும் இடத்தில் இயல்பாக ஆங்கிலத்தில் ‘நன்’, அதாவது எதுவுமில்லை, என்ற நான்கெழுத்துச் சொல் இருக்கும். யாராவது ஃபைல் டைப்ஸ் பக்கத்தில் கோப்புறைக்கு ஒரு புதிய செயலைச் சேர்த்தால் இந்தச் சொல் காணாமல் போய், அங்கே பதிவாகியிருக்கும் ‘ஃபைண்ட்’ முதன்மையாகிவிடும். மறுபடி அந்த நான்கெழுத்தை எழுதினால் கோப்புறை திறக்கும். வன்தட்டு ஐகானைத் தட்டும்போது தேடல் வந்தால் ‘டிரைவ்’ என்ற வகுப்பில் இதையே செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னவை எரிச்சலூட்டும் கோளாறுகள். இனி வருவது மனிதரை உண்மையிலேயே திகைக்க வைப்பது: எந்த நிரலும் திறக்காத நிலை.

நிரல் கோப்புகளின் பின்னொட்டு எக்ஸி. அதற்கும் ஒரு வகுப்பு உண்டு, ‘எக்ஸிஃபைல்’. அதன் கட்டளை மிகச் சிறியது:

"%1" %*

இதில் எந்த நிரலின் பெயரும் இல்லை. தட்டப்பட்ட கோப்பையே ஓட்டு, அதற்குக் கூடுதலாகத் தந்த எல்லாவற்றையும் அதற்கே கொடு என்பதுதான் பொருள். இந்த வரியின் முன்னால் யாராவது தன் நிரலின் பெயரை எழுதிவிட்டால் என்ன ஆகும்? கணினியில் எந்த நிரலைத் தட்டினாலும் முதலில் அந்த நிரல் ஓடும். அது விரும்பினால்தான் நீங்கள் கேட்டது ஓடும்.

வைரஸ் எழுதியவர்கள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். 1999-இல் பரவிய ‘பிரிட்டி பார்க்’, ஃபைல்ஸ்32 என்ற பெயரில் தன்னை விண்டோஸுக்குள் ஒளித்து வைத்து, எக்ஸிஃபைல் கட்டளையில் தன் பெயரை முன்னால் எழுதிக்கொண்டது. 2001 ஜூலையில் பரவிய ‘சர்காம்’, ரீசைக்கிள் தொட்டியின் கோப்புறையில் பதுங்கிக்கொண்டு இதையே செய்தது. இதோடு, பாதிக்கப்பட்டவரின் கணினியிலிருந்து ஏதாவது ஓர் ஆவணத்தை எடுத்துத் தன்னோடு சேர்த்துப் பிறருக்கு மின்னஞ்சலில் அனுப்பியது. எத்தனை பேரின் அந்தரங்கக் கடிதங்கள் அப்படி வெளியே போயினவோ!

வைரஸ் செய்த கேட்டைவிட அதை நீக்கியவர்கள் செய்த கேடு சில இடங்களில் பெரிதாக இருந்தது. ஆன்ட்டிவைரஸ் வந்து அந்தக் கோப்பைக் கண்டுபிடித்து அழித்துவிடும். கட்டளையில் எழுதிய பெயர் மட்டும் அப்படியே நிற்கும். இப்போது எந்த நிரலைத் தட்டினாலும் கணினி முதலில் இல்லாத அந்தக் கோப்பைத் தேடும். கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். கால்குலேட்டர் திறக்காது. இணைய உலாவி திறக்காது. கட்டளையைத் திருத்த உதவும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரும் ஓர் எக்ஸி கோப்புதான், அதுவும் திறக்காது. இந்த நிலையைப் பார்த்த எவருக்கும் கணினி செத்துவிட்டது என்றுதான் தோன்றும்.

ஆனால் ஒரு வழி திறந்தே இருக்கிறது. அது ஏன் திறந்திருக்கிறது என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

விண்டோஸில் ஒரு நிரலைத் தொடங்க இரண்டு வழிகள் உண்டு. டபுள் கிளிக் செய்யும்போது எக்ஸ்ப்ளோரர் வழியாகப் போகிறோம். அது ரெஜிஸ்ட்ரியைக் கேட்டுத்தான் எதையும் செய்யும். இன்னொரு வழி நேராக இயங்குதளத்தின் அடித்தளத்துக்குப் போவது. அங்கே ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் அந்தக் கட்டளையை யாரும் கேட்பதில்லை, பின்னொட்டையும் நம்புவதில்லை. கோப்பின் உள்ளே முதல் இரண்டு எழுத்துகளைப் பார்க்கிறார்கள். அவை எம், இசட் என்று இருந்தால் அது நிரல். டாஸ் காலத்தில் இந்தக் கோப்பு வடிவத்தை அமைத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. இன்று வரை விண்டோஸில் ஓடும் ஒவ்வோர் எக்ஸி கோப்பும் அவற்றோடுதான் தொடங்குகிறது.

கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புச் சன்னல் இந்த இரண்டாவது வழியில்தான் நிரல்களைத் தொடங்குகிறது. அதற்குள் நுழைந்துவிட்டால் போதும். எப்படி நுழைவது? கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரை வரவழைக்க வேண்டும். ஃபைல் பட்டியலில் ‘நியூ டாஸ்க்’ இருக்கும். அதைச் சும்மா தட்டினால் வரும் சிறு பெட்டி, எக்ஸ்ப்ளோரர் வழியில்தான் போகும், பயன்படாது. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே தட்ட வேண்டும். எக்ஸ்பியில் அப்போது கறுப்புச் சன்னல் நேராகத் திறக்கும். அதில் ரெஜெடிட் என்று தட்டச்சு செய்தால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வந்துவிடும். ‘.எக்ஸி’ என்ற இடத்தில் எக்ஸிஃபைல் என்ற பெயர் இருக்கிறதா, அந்த வகுப்பின் ஷெல், ஓப்பன், கமாண்டில் நான் முன்பு காட்டிய வரி அப்படியே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதிவிட வேண்டும். ரெஜிஸ்ட்ரியைத் தொடப் பயப்படுபவர்கள் அந்தச் சன்னலிலேயே இரண்டு கட்டளைகளால் இதைச் செய்யலாம். ‘அசோசியேட்’ என்பதன் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகளைக் கொண்ட கட்டளை பின்னொட்டை வகுப்போடு சேர்க்கும். ‘எஃப்டைப்’ என்ற கட்டளை வகுப்பைச் செயலோடு சேர்க்கும்.

டாஸ்க் மேனேஜரும் வராத கணினிகளுக்கு இன்னொரு வழி இருந்தது. ரெஜெடிட் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, அதன் பின்னொட்டை எக்ஸியிலிருந்து காம் என்று மாற்ற வேண்டும். ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களே அக்காலத்தில் தங்கள் நோய்நீக்கக் குறிப்புகளில் சொன்ன வழி இது. காம் என்பதற்கு ரெஜிஸ்ட்ரியில் தனி வகுப்பு. வைரஸ் அதைத் தொடாமல் விட்டிருந்தால் எக்ஸ்ப்ளோரர் கதவைத் திறந்துவிடும். உள்ளே போன பிறகு இயங்குதளம் பின்னொட்டைப் பார்ப்பதில்லை, எம், இசட் என்ற எழுத்துகளைப் பார்த்து ஓட்டிவிடும். கணினிக்குள் ஒரு பகுதி பெயரை நம்புகிறது, இன்னொரு பகுதி உள்ளடக்கத்தை நம்புகிறது. அந்த முரண்பாட்டையே பழுதுபார்ப்பவர் பிடித்துக்கொள்கிறார்.

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எக்ஸ்பியைத் தொல்லைப்படுத்திய போலி ஆன்ட்டிவைரஸ்கள் இதே வித்தையை இன்னும் தந்திரமாகச் செய்தன. பொதுவிடத்தில் கை வைக்க நிர்வாகி உரிமை வேண்டும். எனவே அவை பயனருக்கு மட்டும் உரிய கிளையில் ‘.எக்ஸி’ என்று புதிதாக ஒரு பதிவை எழுதின. பயனர் கிளைதான் மேலோங்கும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? பொதுவிடத்தை எத்தனை முறை திருத்தினாலும் கோளாறு தீராது. அங்கே செய்ய வேண்டியது அழிப்பது: எச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், கிளாசஸ் கிளையில் எக்ஸிக்கு ஒரு பதிவு புதிதாக முளைத்திருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். நல்ல நிலையில் உள்ள எக்ஸ்பியில் அப்படி ஒரு பதிவுக்குத் தேவையே இல்லை.

கோப்பு கெடவில்லை என்று இத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யாகும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் மணிலாவிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ என்ற வைரஸ் ஒரு காதல் கடிதமாக வந்தது. இணைப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் தெரியும். உண்மையில் அதன் பின்னால் விபிஎஸ் என்று இன்னொரு பின்னொட்டு இருந்தது. அது நிரல் வகை. விண்டோஸ் தனக்குத் தெரிந்த வகைகளின் பின்னொட்டை இயல்பாகவே மறைத்துக் காட்டுவதால் பயனரின் கண்ணில் பட்டது டிஎக்ஸ்டி மட்டும். தட்டியவர்களின் கணினியில் அது ஜேபிஜி படங்களின் மேல் தன்னையே எழுதி, பெயரோடு விபிஎஸ் என்று சேர்த்தது. அந்தப் படங்கள் நிஜமாகவே போயின. எந்த ரெஜிஸ்ட்ரித் திருத்தமும் அவற்றைக் கொண்டுவராது.

கோப்பின் வகையைப் பெயரை வைத்தே முடிவு செய்யும் ஓர் இயங்குதளம், அந்தப் பெயரின் முக்கியமான பகுதியை மனிதரிடமிருந்து மறைத்தது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. எந்த எக்ஸ்பி கணினியைத் தொட்டாலும் முதல் வேலையாக ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பக்கத்துக்குப் போய், பின்னொட்டை மறைக்கும் குறியை எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் ஷார்ட்கட்டுகளின் எல்என்கே, டாஸ் நிரல்களுக்கான பிஐஎஃப் போன்ற சில பின்னொட்டுகள் மறைந்தே இருக்கும். அவற்றின் வகுப்பில் ‘ஒருபோதும் காட்டாதே’ என்று தனியாக ஒரு குறிப்பு இருக்கிறது.

பின்னொட்டே இல்லாத கோப்புகளை என்ன செய்வது என்று பலர் கேட்பதுண்டு. அவற்றுக்கு யூனிக்ஸ்காரர்களின் வழிதான். ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறந்து, ‘எப்போதும் இதையே’ என்ற குறியை மறக்காமல் எடுத்துவிட்டு, முதல் வரியை மட்டும் பாருங்கள். குப்பைக் குறிகளுக்கு நடுவே சில எழுத்துகள் தெளிவாகத் தெரியும். % குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப். பி, கே என்று தொடங்கினால் ஜிப்; அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள். தொடக்கத்தில் ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்று தெரிந்தால் ஜேபிஜி படம். எம், இசட் என்று தொடங்கினால் அது நிரல், அதை ஓட்டாதீர்கள். எதையும் சேமிக்காமல் நோட்பேடை மூடிவிட்டு, கோப்பின் நகலுக்கு உரிய பின்னொட்டைச் சேர்த்தால் திறந்துவிடும்.

தமிழில் எழுதி வைத்தவர்களுக்கு இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. கோப்பு சரியான நிரலில் திறந்தும், உள்ளே ஆங்கில எழுத்தும் வினோதக் குறிகளுமாக இருக்கும். 2000-களின் தொடக்கத்தில் நாம் பாமினியிலும், டிஸ்கியிலும், 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் குறிமுறைகளிலும் தட்டச்சு செய்தோம். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் தமிழ் தெரியாது. கட்டுரை கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆகவே பழைய பெட்டியிலிருந்து ஆவணங்களை நகலெடுக்கும்போது விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து எடுங்கள். அச்சகத்தாருக்கு இன்னொரு வார்த்தை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001-இல் வந்தது. அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் திறக்க முடிந்தது, பின்னால் வந்த பதிப்புகள் திறப்பதில்லை. உங்கள் பழைய நூல்களின் பக்கங்கள் அந்த வடிவத்தில் இருந்தால், எக்ஸ்பி பெட்டி உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொன்றையும் திறந்து பிடிஎஃப் ஆகவும், எழுத்தை மட்டும் தனியாகவும் எடுத்து வைத்துவிடுங்கள். தமிழ்ப் பதிப்பகங்களின் பல ஆண்டு உழைப்பு இந்த நிலையில் இருக்கிறது என்பதை நினைத்து நான் உண்மையாகவே கவலைப்படுகிறேன்.

பழுதுபார்க்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு சொல்லி முடிக்கிறேன். எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் ஆவணங்களை வெளியே எடுங்கள். விண்டோஸ் எழவே மறுத்தாலும், குறுந்தகட்டிலிருந்து நேராக ஓடும் நாப்பிக்ஸ் போன்ற லினக்ஸில் பெட்டியை எழுப்பினால் வன்தட்டுக் கோப்புகளைப் பார்க்கலாம், நகலெடுக்கலாம். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை என்பதால் அந்தப் பெட்டியை இணையத்தில் இணைக்காதீர்கள்; வேறு கணினி வழியாகப் பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

இரண்டாவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்பி பெட்டிக்கு இப்போதே செய்ய வேண்டியது. ரெஜெடிட்டைத் திறந்து எச்கீ கிளாசஸ் ரூட்டைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் பட்டியலில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் இந்தக் குறிப்புகள் முழுவதும் ஒரே கோப்பாக வெளியே வரும். பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏதாவது கெட்டால், எது எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுவே கையேடு. எக்ஸிஃபைல் கட்டளையை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மேற்கோள் குறி, விழுக்காட்டுக் குறி, ஒன்று, மேற்கோள் குறி, ஓர் இடைவெளி, விழுக்காட்டுக் குறி, நட்சத்திரம்.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். பரணில் பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் கேளுங்கள்.